அட்வெந்து முதல் ஞாயிறு, 29 நவம்பர் 2026: இரண்டாம் வருகை ஆராதனையைப் பயமுறுத்தாமல் ஒழுங்கு செய்வது எப்படி?

விளக்குத்தூண்

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். மதுரைக்குத் தெற்கே ஒரு சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) சேகரம். முதல் ஆராதனைக்கு 250 பேர் வருவார்கள், திருவிருந்தும் உண்டு, மொத்தம் 90 நிமிடம். இந்த முறை அட்வெந்து (கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு ஞாயிறு கொண்ட காலம்) முதல் ஞாயிறன்று கிறிஸ்துவின் இரண்டாம் வருகையையே மையமாக வைக்க வேண்டும் என்று சேகரக் குழு முடிவெடுத்திருக்கிறது. நிபந்தனை ஒன்றுதான்: 666, அணு ஆயுதம், பூகம்பம் என்று பட்டியல் போட்டு பிள்ளைகளைத் தூங்கவிடாமல் செய்யக் கூடாது. அதற்காக "அன்பு, சமாதானம்" என்று மழுப்பிவிட்டும் போகக் கூடாது.

ஆராதனை முறைமை, வாசகங்கள், மெழுகுதிரி, பாட்டு எல்லாவற்றுக்கும் யோசனை வேண்டும். விடியற்காலை இருட்டில் தொடங்கலாமா என்றும் ஒரு பேச்சு இருக்கிறது.

பசுமலைக்காரன்

முதலில் நேரத்தைச் சொல்லிவிடுகிறேன். நவம்பர் கடைசியில் மதுரையில் சூரியன் 6.15–6.20க்கு எழும், வெளிச்சம் 5.55 வாக்கிலேயே பரவத் தொடங்கும். 5.15க்குத் தொடங்கினால் முதல் 40 நிமிடம் நல்ல இருட்டு. பிரசங்கம் முடிந்து விசுவாசப் பிரமாணம் சொல்ல எழும்பும்போது ஜன்னலில் வெளுத்திருக்கும். அதைவிட நல்ல விளக்கப்படம் கிடையாது, செலவும் இல்லை. 5.45க்குத் தொடங்கினால் இந்தக் காரியமே நடக்காது. பாதி ஜனம் உட்காரும் முன் விடிந்துவிடும்.

வாசகங்களில் ஒரு குழப்பம் வழக்கமாக வரும். சிஎஸ்ஐக்குத் தன் சொந்த வாசகப் பட்டியலும் தலைப்பும் உண்டு. பல சபைகளுக்கும் பொதுவான, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை சுழலும் வாசகப் பட்டியலை இணையத்தில் பார்த்து எடுக்கிறவர்கள் ஆண்டைத் தப்பாகப் போடுகிறார்கள். திருச்சபை ஆண்டு அட்வெந்தில் தொடங்குவதால், தொடங்கும் ஆண்டை விட்டுவிட்டு முடிகிற ஆண்டை 3ஆல் வகுக்க வேண்டும். மீதி 1 என்றால் முதல் ஆண்டு (மத்தேயு), 2 என்றால் இரண்டாம் ஆண்டு (மாற்கு), மீதி இல்லை என்றால் மூன்றாம் ஆண்டு (லூக்கா). 29 நவம்பர் 2026ல் தொடங்குவது 2027ல் முடியும், மீதி 2. ஆகவே மாற்கு 13:24-37, கூடவே ஏசாயா 64:1-9, 1 கொரிந்தியர் 1:3-9.

மாற்கு 13 உங்கள் நிபந்தனைக்கு நன்றாகப் பொருந்தும். அதில் வீட்டெஜமான் வெளியூர் போகும்போது ஒவ்வொருவனுக்கும் அவனவன் வேலையைக் கொடுத்து, காவல்காரனை விழித்திருக்கச் சொல்லிவிட்டுப் போகிறான். எப்போது திரும்புவான் என்று கணக்குப் போடும் வேலையை ஒருவனுக்கும் கொடுக்கவில்லை. பிரசங்கத்துக்கு இந்த ஒரு புள்ளி போதும், 15 நிமிடத்தில் முடிக்கலாம்.

வைகை_வடகரை

கத்தோலிக்கப் பக்கத்திலிருந்து சில குறிப்புகள். எங்களுக்கு அதே ஞாயிறு மாற்கு 13:33-37, கொஞ்சம் சுருக்கம். பலரும் மறப்பது: திருவருகைக் காலம் (அட்வெந்தை நாங்கள் சொல்லும் பெயர்) ஒரே துண்டு அல்ல. டிசம்பர் 16 வரை பார்வை ஆண்டவரின் இரண்டாம் வருகை மேல்தான். 17 முதல் 24 வரைதான் நேரடியாகப் பெத்லகேம் ஏற்பாடு. ஆகவே முதல் ஞாயிறே குடில் வைத்து நட்சத்திரம் தொங்கவிட்டால் காலத்தின் முதல் பாதியையே வெட்டியாகிவிடும்.

ஊதா உடை, "உன்னதங்களிலே" கிடையாது, ஆனால் அல்லேலூயா உண்டு. தவக்காலம் மாதிரி அல்லேலூயாவையும் நிறுத்திவிடுவது சில பங்குகளில் நடக்கிற தவறு. இது துக்க காலம் இல்லை. பீடத்தில் பூ வைக்கலாம், அளவோடு. மாட்டுத்தாவணியில் அந்த வாரம் முகூர்த்தம் விழுந்தால் மல்லிகை விலை எப்படியும் கையைக் கடிக்கும், அளவு தானாக வந்துவிடும்.

திருமங்கலம்_அக்கா

அட்வெந்தில் ஞாயிறுக்கு ஒன்றாக நாலு மெழுகுதிரி ஏற்றும் வளையம் பற்றி நான் சொல்கிறேன்.

அட்டை, தெர்மோகோல் இரண்டும் வேண்டாம். 18 அங்குல இரும்புத் தட்டோ பழைய எவர்சில்வர் தாம்பாளமோ எடுத்து இரண்டு அங்குலம் ஈர மணல் போடுங்கள். அதில் மெழுகுதிரியைக் குத்தினால் சாயாது. சுற்றிச் செருகுவதற்குப் பெரும்பாலும் சவுக்குத் தழைதான் கிடைக்கும். அழகாக இருக்கும், ஆனால் மூன்று நாளில் காய்ந்து சருகாகிவிடும், பொறி பட்டால் குப்பென்று பிடிக்கும். சனிக்கிழமைதோறும் தழையை மாற்றி மணலில் தண்ணீர் தெளிக்க வேண்டும். அது முடியாது என்றால் மாவிலை போடுங்கள்.

அளவில்தான் எல்லாரும் ஏமாறுவார்கள். முதல் மெழுகுதிரி நாலு ஞாயிறும் எரிய வேண்டும். 90 நிமிட ஆராதனை என்றால் மொத்தம் 6 மணி நேரம். இரண்டாவது நாலரை, மூன்றாவது மூன்று, நாலாவது ஒன்றரை. ஒரே அளவில் நாலு வாங்குங்கள். உயரம் படிப்படியாகக் குறைந்து நிற்பதுதான் அந்த வளையத்தின் அழகு. ஆனால் முதல் மெழுகுதிரி மூன்றாம் ஞாயிறே மணலைத் தொட்டுவிடக் கூடாது. கடையில் வாங்கியதும் ஒன்றை ஒரு மணி நேரம் எரித்து எவ்வளவு குறைகிறது என்று ஸ்கேல் வைத்துப் பாருங்கள். அதை 6ஆல் பெருக்கி, மணலுக்குள் போகும் 2 அங்குலமும் மிச்சத்துக்கு 1 அங்குலமும் சேர்த்தால் வாங்க வேண்டிய உயரம்.

நிறம் பற்றிச் சண்டை போட வேண்டாம். இந்த வளையமே 1839ல் ஹாம்பர்க்கில் யோஹான் ஹின்ரிக் விக்கெர்ன் என்ற லுத்தரன் ஊழியர், ஆதரவற்ற பிள்ளைகள் கிறிஸ்துமஸுக்கு நாள் எண்ணுவதற்காக வண்டிச் சக்கரத்தில் செய்தது. ஞாயிறுக்குப் பெரிய வெள்ளை, மற்ற நாளுக்குச் சின்னச் சிவப்பு. ஊதாவும் ரோஜா நிறமும் பின்னால் வந்தவை.

தெப்பக்குளம்

பிரதர், சிஸ்டர்ஸ், எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா மெழுகுதிரி உயரத்துக்கு இவ்வளவு கணக்கு, எடுத்துக்கொள்ளப்படுதலை (வருகையில் விசுவாசிகள் மேலே எடுக்கப்படுவதை) பற்றி ஒரு வார்த்தையும் இல்லையே? "பயமுறுத்தக் கூடாது" என்று சொல்லி எச்சரிப்பையே எடுத்துவிட்டால் அது பாதி சுவிசேஷம். மத்தேயு 25ல், மணவாளனுக்குக் காத்திருந்த பத்துக் கன்னிகைகள் உவமையில், கதவு அடைக்கப்பட்டது. அதையும் யாராவது வாசிக்கணும் இல்லையா?

பசுமலைக்காரன்

கதவு அடைக்கப்பட்டதை வாசிக்க வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. கேள்வி, அது யாரைப் பார்த்துச் சொன்னது என்பதில். பத்துப் பேரும் கன்னிகைகள், பத்துப் பேர் கையிலும் தீவட்டி, பத்துப் பேரும் தூங்கினார்கள். எச்சரிப்பு உள்ளே உட்கார்ந்திருக்கிற நமக்கு, தெருவில் போகிறவர்களுக்கு அல்ல. அதனால் ஆராதனையில் எச்சரிப்புக்குரிய இடம் பாவ அறிக்கை. அறிக்கைக்கு முன் மத்தேயு 25:1-13ஐ ஒருவர் வாசிக்கட்டும், 40 விநாடி அமைதி, பிறகு அறிக்கை. அமைதி ஒரு நிமிடத்தைத் தாண்டினால் இருமல் தொடங்கும், அதற்குள் முடித்துவிடுங்கள்.

நாள் குறிக்கிற வேலையை மட்டும் பிரசங்க பீடத்தில் ஏற்றாதீர்கள். வில்லியம் மில்லரின் கணக்கை நம்பியவர்கள் 22 அக்டோபர் 1844ஐக் குறித்துக் காத்திருந்தார்கள். ஹெரால்ட் கேம்ப்பிங் 21 மே 2011 என்றார், அது தவறியதும் அக்டோபர் 21க்கு நகர்த்தினார். "அந்த நாளையும் அந்த நாழிகையையும் என் பிதா ஒருவர் தவிர மற்றொருவனும் அறியான்" என்பது இவர்கள் எல்லாருடைய வேதாகமத்திலும் அச்சாகித்தான் இருந்தது.

அரசரடி_நூலகம்

தெப்பக்குளம் ஐயா எடுத்துக்கொள்ளப்படுதலைக் கேட்டிருக்கிறார், அதற்குரிய வசனத்துக்கே போவோம். 1 தெசலோனிக்கேயர் 4:17. "கர்த்தருக்கு எதிர்கொண்டுபோக மேகங்கள்மேல்... எடுத்துக்கொள்ளப்பட்டு." நாம் எல்லாரும் "எடுத்துக்கொள்ளப்பட்டு" என்ற சொல்லில் நின்றுவிடுகிறோம். அதற்கு முன்னே இருக்கிற "எதிர்கொண்டுபோக" என்ற சொல்லைத் தாண்டிப் போய்விடுகிறோம். கிரேக்கத்தில் அது அபாந்தேசிஸ். ஒரு பெரியவர் ஊருக்கு வரும்போது ஊரார் எல்லைக்கு வெளியே போய் வரவேற்று, கூடவே ஊருக்குள் அழைத்து வருவதற்கு அந்தச் சொல் வழங்கும்.

புதிய ஏற்பாட்டிலேயே வேறு இரண்டு இடம் உண்டு. மத்தேயு 25:6ல் மணவாளனுக்கு எதிர்கொண்டுபோகக் கூப்பிடுகிறார்கள். அப்போஸ்தலர் 28:15ல் ரோமாபுரிச் சகோதரர் அப்பியுபுரம், மூன்று சத்திரம் வரைக்கும் வந்து பவுலை எதிர்கொள்கிறார்கள். பிறகு பவுல் எங்கே போகிறார்? ரோமாபுரிக்குள். எதிர்கொள்ளப் போனவர்களும் அவரோடு அங்கேதான் திரும்புகிறார்கள். பழைய தமிழ் மொழிபெயர்ப்பு மூன்று இடத்திலும் "எதிர்கொண்டு" என்றே வைத்திருப்பது நமக்கு வாய்த்த கொடை.

மதுரைக்காரருக்கு இதை விளக்கவே வேண்டாம். சித்திரையில் அழகர் மலையிலிருந்து வரும்போது ஊர் எங்கே போகிறது? மூன்றுமாவடிக்கு, எதிர்சேவைக்கு. போனவர்கள் அவரோடு மதுரைக்குள்தான் வருகிறார்கள். மூன்று சத்திரம், மூன்றுமாவடி என்ற பெயர்ப் பொருத்தம் தற்செயல்தான், ஆனாலும் மறக்காது.

இப்படி வாசித்தால் அந்த வசனம் பூமியை விட்டுத் தப்பி ஓடுவதைச் சொல்லவில்லை, வருகிற அரசரை வரவேற்கப் புறப்படுவதைச் சொல்கிறது. வெளிப்படுத்தல் 21லும் புதிய எருசலேம் பரலோகத்தை விட்டு இறங்கித்தான் வருகிறது.

தெப்பக்குளம்

//எதிர்சேவைக்கு//

வசன விளக்கம் யோசிக்க வைக்குது, மறுக்கலை. ஆனா பிரசங்கத்தில் கோயில் திருவிழாவை உவமையாக வைத்தால் எங்க பக்கம் பாதிப் பேர் எழுந்து போயிருவாங்க. மாப்பிள்ளை அழைப்பு என்று சொல்லுங்க, வேலை முடிஞ்சது. மத்தேயு 25ம் கல்யாணம்தானே.

அப்புறம், அபாந்தேசிஸ் என்ற சொல் வந்த இடத்தில் எல்லாம் "கூட்டிக்கொண்டு திரும்புதல்" இருக்குன்னு சொல்ல முடியாது. சும்மா "சந்திக்க" என்ற பொருளிலும் வரும். இப்படி எடுத்துக்கொள்ளப்படும் இரகசிய வருகை என்ற போதனை 1830களில் டார்பி என்ற போதகரோடு பரவியது, அதனால் புதுசு என்பீங்க. வரிசைப்படுத்திச் சொன்னது புதுசா இருக்கலாம். அதனாலேயே பொய்னு ஆகிடாது.

அரசரடி_நூலகம்

சொல்லைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. அந்த ஒரு சொல்லை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது. மத்தேயு 25, அப்போஸ்தலர் 28 இரண்டிலும் திரும்பி வருவது சூழலில் தெளிவாக இருக்கிறது, தெசலோனிக்கேயரில் பவுல் அடுத்த அடியைச் சொல்லாமல் நிறுத்திவிடுகிறார். மாப்பிள்ளை அழைப்பும் நல்ல யோசனை, ஆயர் சபையைப் பார்த்துத் தேர்ந்துகொள்ளட்டும்.

எடுத்துக்கொள்ளப்படுதல் கடைசிக் கால உபத்திரவத்துக்கு முன்னா, பின்னா, ஆயிரம் வருஷ அரசாட்சி எழுத்தின்படியா என்பதை 90 நிமிட ஆராதனையில் தீர்க்கவே வேண்டாம். அது வேதபாட வகுப்புக்குரியது. ஆராதனையில் வாயால் அறிக்கையிடுவது நிசேயா பிரமாணம் சொல்லும் அளவுதான்: மகிமையோடு திரும்ப வருவார், உயிருள்ளோரையும் மரித்தோரையும் நியாயந்தீர்ப்பார், அவருடைய ராஜ்யத்துக்கு முடிவில்லை. 1 தெசலோனிக்கேயர் 4:18 எதில் முடிகிறது என்றும் பாருங்கள்: "இந்த வார்த்தைகளினாலே ஒருவரையொருவர் தேற்றுங்கள்." தெசலோனிக்கேயில் கேள்வி அட்டவணையைப் பற்றியதே அல்ல. அடக்கம் பண்ணிவிட்ட நம் ஆட்கள் என்ன ஆவார்கள் என்பதுதான்.

வைகை_வடகரை

இந்த இடத்தில் ஒன்றைச் சேர்க்கலாம். அந்தக் கேள்வியை ஆராதனையிலேயே கொண்டுவாருங்கள்: கடந்த அட்வெந்திலிருந்து இதுவரை மரித்தோரின் பெயர்களை வாசிப்பது. எங்களுக்கு நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் அது இருக்கிறது. உங்களுக்கு அட்வெந்தில் பொருந்தும்.

பெயர்களை நினைவிலிருந்து எழுதவே கூடாது. அடக்கப் பதிவேட்டை எடுத்துத் தேதி வரிசையில் எழுதுங்கள். வேறு ஊரில் அடக்கம் செய்யப்பட்டவர்கள் பதிவேட்டில் இருக்க மாட்டார்கள். அதற்கு இரண்டு வாரம் முன்பே அறிவிப்புக் கொடுத்து, வியாழக்கிழமை வரை பெயர் வாங்குங்கள். ஒரு பெயர் விட்டுப்போனால் அந்தக் குடும்பத்துக்கு அன்றைய ஆராதனை முழுதும் அந்த ஒன்றுதான் நினைவில் நிற்கும். இனிஷியல், வீட்டில் வழங்கும் பெயர், உச்சரிப்பு எல்லாம் கேட்டுக்கொள்ளுங்கள். பெயருக்கு 4 விநாடி விட்டால் 40 பெயர் 3 நிமிடத்துக்குள் முடியும். "திருமதி, மறைந்த, முன்னாள் தலைமையாசிரியர்" என்ற அடைமொழிகள் வேண்டாம், அங்கே எல்லாரும் ஒரே வரிசை.

ஆரப்பாளையம்_சவுண்ட்

அண்ணே, ஒலி ஒளி விஷயம் யாருமே பேசல. நான் சொல்றேன்.

1. 5.15க்கு ஆராதனைன்னா வெளியே கூம்பு ஒலிபெருக்கி போடாதீங்க. ஒலி மாசு விதிகள் 2000படி ராத்திரி 10லேர்ந்து காலை 6 வரை வெளியே ஒலிபெருக்கிக்குத் தடை. உள்ளே பெட்டி ஸ்பீக்கர் மட்டும். எக்காளம் ஊதறேன்னு யாராவது கிளம்பினா ஆறு மணிக்கு மேல, அதுவும் உள்ளே.

2. எல்லா லைட்டையும் ஒரே அடியா அணைச்சிராதீங்க. வாசல், நடுவழி, படிக்கட்டு மூணுலயும் இடத்துக்கு ஒரு சின்ன பல்பு எரியணும். வயசானவங்க பிந்தி வருவாங்க, இருட்டுல படி தெரியாது. வாசிக்கிற இடத்துக்கு கிளிப் மாட்டுற எல்இடி விளக்கு. அதைச் சனிக்கிழமை சாயங்காலம் இருட்டுல வச்சு வாசிச்சுப் பாருங்க, பகல்ல பாத்தா ஒண்ணும் தெரியாது.

3. சுவிட்ச் போர்டுல எது எந்த லைட்டுன்னு பேப்பர் ஒட்டி எழுதிருங்க. முதல் வாசகத்துக்குப் பீடம், சுவிசேஷத்துக்குப் பாடகர் பக்கம், பிரமாணத்துக்கு முழு மண்டபம். சுவிட்ச் போடுற ஆள் கையில முறைமைத் தாள் இருக்கணும். அவரு பாட்டு பாடிட்டு நின்னா காரியம் கெட்டுப்போகும்.

4. ஃபேன். சபையார் கையில மெழுகுதிரி பிடிக்கிறதா இருந்தா அந்த 10 நிமிஷம் நிறுத்தணும். நவம்பர் விடியல்ல அது தாங்கும்.

5. கீபோர்டு வேற, லைட் வேற லைன்ல இருக்கணும். கரண்ட் போனா இன்வெர்ட்டர் மாறுற நொடியில சில கீபோர்டு அணைஞ்சு திரும்ப எழுந்திருக்கும், குரல் செட்டிங் போயிரும். முதல் பாட்டை சுருதிப் பெட்டியோட வச்சுக்கிட்டா இந்தத் தலைவலியே கிடையாது.

திருமங்கலம்_அக்கா

தம்பி சொன்ன மெழுகுதிரிக்கு: 250 பேர் என்றால் 150 வாங்கினால் போதும். குடும்பத்துக்கு ஒன்றிரண்டு, 10 வயதுக்குக் கீழே கையில் கொடுக்கவே வேண்டாம், ஓய்வுநாள் பாடசாலைப் பிள்ளைகளுக்கு பேட்டரி விளக்கு. ஒவ்வொன்றுக்கும் 3 அங்குல வட்ட அட்டை, நடுவில் கூட்டல் குறி மாதிரி கீறினால் இறுக்கமாக நிற்கும். பேப்பர் கப் காற்றைத் தடுக்கும், ஆனால் திரி குட்டையாகி விளிம்புக்குக் கீழே இறங்கினால் கப்பே பிடித்துக்கொள்ளும். அட்டைதான் நல்லது.

பற்ற வைக்கும்போது எரிகிறதைச் சாய்க்கக் கூடாது. எரியாததைச் சாய்த்து எரிகிறதில் காட்ட வேண்டும். இதை இருமுறை சொல்லுங்கள், அப்படியும் பத்துப் பேர் தலைகீழாகச் செய்து பட்டுப்புடவையில் மெழுகு விடுவார்கள். பின்னலையும் துப்பட்டாவையும் முன்னால் போடச் சொல்லுங்கள். ஓரத்தில் இரண்டு வாளி மணல், இரண்டு வாளி தண்ணீர்.

விளக்குத்தூண்

கோடி நன்றி. இதுவரை வந்ததை வைத்துப் போட்ட முறைமை:

5.15 இருட்டில் அமைதி, பீட விளக்கு மட்டும். மத்தேயு 25:1-13, அமைதி, பாவ அறிக்கை. முதல் மெழுகுதிரி ஏற்றுதல். ஏசாயா, நிருபம் (1 கொரிந்தியர்), மாற்கு 13. பிரசங்கம் 15 நிமிடம். 5.55 பிரமாணம், முழு விளக்கு. மரித்தோர் பெயர், மன்றாட்டு. காணிக்கை. திருவிருந்து. கடைசியில் கையில் மெழுகுதிரியோடு வாசல் வரை.

இரண்டு கேள்வி. பாட்டு எப்படித் தேர்வது? கையில் மெழுகுதிரியைக் கடைசியில் வைத்தால் நன்றாக விடிந்திருக்குமே, அர்த்தம் இருக்குமா?

பசுமலைக்காரன்

அர்த்தம் இருக்காது. மெழுகுதிரியை முன்னால் கொண்டுவாருங்கள். சுவிசேஷ வாசிப்புக்கு முன் ஏற்றி, அது முடிந்ததும் அணைத்துவிடலாம். பிரசங்கத்தின்போது கையில் நெருப்பு இருந்தால் யாரும் பிரசங்கம் கேட்க மாட்டார்கள்.

உங்கள் முறைமையில் திருவிருந்து வெறும் ஒரு சொல்லாக நிற்கிறது. அன்றைய ஆராதனையின் உச்சம் அதுதான். "கர்த்தர் வருமளவும் அவருடைய மரணத்தைத் தெரிவிக்கிறீர்கள்" என்று 1 கொரிந்தியர் 11:26 சொல்கிறது. ஒவ்வொரு பந்தியும் வருகையை நோக்கித்தான் வைக்கப்படுகிறது. 1950ல் வந்த சிஎஸ்ஐ திருவிருந்து முறைமையில் சபையார் சொல்லும் மறுமொழியில் மரணத்தை நினைவுகூருதல், உயிர்த்தெழுதலை அறிக்கையிடுதல், இரண்டாம் வருகைக்குக் காத்திருத்தல் மூன்றும் ஒரே மூச்சில் வரும். வழக்கமாக அதை முணுமுணுத்து ஓட்டிவிடுவோம். அன்று எழும்பி நின்று, மூன்று பகுதிக்கும் இடையில் மூச்சு விட்டு, சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள். முந்தின ஞாயிறே ஒருமுறை பழக்கிவிடுங்கள்.

வைகை_வடகரை

எங்கள் திருப்பலியில் அதற்கு இணை "ஆண்டவரே, நீர் வருமளவும் உமது இறப்பினை அறிவிக்கின்றோம்". அங்கும் இதே முணுமுணுப்புதான், ஆறுதல் அடையுங்கள்.

அரசரடி_நூலகம்

பந்தியில் "மாரநாதா" சேர்க்கலாம். அரமேயச் சொல், 1 கொரிந்தியர் 16:22ல் பவுல் கிரேக்கக் கடிதத்துக்குள் அப்படியே விட்டிருக்கிறார். ஆதிச் சபையின் திதாக்கே என்ற கையேட்டில் பந்தி ஜெபத்தின் முடிவில் வருகிறது. பிரிக்கும் இடத்தைப் பொறுத்துப் பொருள் மாறும். மாரன் அதா என்றால் நம் கர்த்தர் வந்தார், மாரனா தா என்றால் எங்கள் கர்த்தாவே வாரும். வெளிப்படுத்தல் 22:20ல் "கர்த்தராகிய இயேசுவே, வாரும்" என்று இருப்பதால் ஜெபமாகச் சொல்லும்போது இரண்டாவதே பொருத்தம். அப்பம் பெற்று இருக்கைக்குத் திரும்புகிற நேரத்தில் ஒரே சுரத்தில் மெதுவாக, தாளம் இல்லாமல், ஏழெட்டு முறை.

தெப்பக்குளம்

பாட்டுக்கு நான் சொல்றேன், இதுல எங்க ஆட்களுக்குப் பழக்கம் ஜாஸ்தி. வருகைப் பாட்டுன்னாலே எல்லாரும் வேகமானதை எடுப்பாங்க, கைதட்டுல வார்த்தை காணாம போகும். பாட்டுப் புஸ்தகத்தை வைத்து ஒவ்வொரு பாட்டுலயும் வினைச்சொல்லை அடிக்கோடு போடுங்க. "பறப்பேன், போவேன், தப்புவேன்"னு நான் செய்றது மட்டுமே இருந்தா அதை ஒதுக்குங்க. "வருவார், துடைப்பார், எழுப்புவார், வாரும்"னு அவர் செய்றது இருந்தா எடுங்க. நாலு பாட்டு போதும். இருட்டுல பாடுறது எல்லாருக்கும் மனப்பாடமான பாட்டா இருக்கணும், புஸ்தகம் தெரியாது. புதுப் பாட்டு விடிஞ்ச பிறகு. தபேலா, டிரம்ஸ் கடைசிப் பாட்டுக்கு மட்டும், அப்போ நல்லாத் தட்டிப் பாடட்டும்.

திருமங்கலம்_அக்கா

ஐயா சொன்ன சோதனை நல்லா இருக்கு. பிள்ளைகள் பாட்டுக்கும் அதைப் போட்டுப் பார்க்கணும்.

விளக்குத்தூண் தம்பி, கேரல் ரவுண்ட்ஸை டிசம்பர் 1க்கு வைத்திருப்பீர்கள், அதை யாராலும் தள்ளிவைக்க முடியாது. முதல் இரண்டு வாரம் மட்டும் வீட்டு வாசலில் ஜெபத்துக்கு முன் லூக்கா 12:35-37 வாசிக்கச் சொல்லுங்கள். எஜமான் வந்து, அரைக்கச்சை கட்டி, விழித்திருந்த ஊழியக்காரரைப் பந்தியிருக்கச் செய்து, தானே பரிமாறுகிற பகுதி. அரை நிமிடம்தான்.

விளக்குத்தூண்

குறித்துக்கொண்டேன். மெழுகுதிரி சுவிசேஷத்துக்கு முன், ஃபேன் அப்போது மட்டும் நிறுத்தம். பெயர் அறிவிப்பு நவம்பர் 15, பட்டியல் முடிவு 26 வியாழன், மறுமொழிப் பயிற்சி 22. ஒத்திகை 28 சனிக்கிழமை மாலை 6.30, இருட்டிய பிறகு. வளையத்துக்கு 9 அங்குலத்தில் ஒன்று வாங்கி இன்று எரித்துப் பார்த்தோம், ஒரு மணி நேரத்தில் முக்கால் அங்குலம் குறைந்தது. 6 மணி நேரத்துக்கு நாலரை, மணலுக்கு 2, மிச்சம் 1. ஏழரை போதும் என்று வருகிறது, சரியா அக்கா?

திருமங்கலம்_அக்கா

சரி. ஆனால் ஃபேன் ஓடுகிற நேரத்தில் இன்னும் வேகமாக உருகும், ஒரு பக்கமாக ஒழுகவும் செய்யும். 9 அங்குலமே வாங்குங்கள். வளையத்தை ஃபேனுக்கு நேர் கீழே வைக்காதீர்கள்.

ஆரப்பாளையம்_சவுண்ட்

ஒத்திகைக்கு அந்த சுவிட்ச் போடுற ஆளையும் கூப்பிடுங்கண்ணே. அவரை மட்டும் விட்டுருவீங்க.